70 லிட்டர் தொட்டியில் வெள்ளைப்புள்ளி: மருந்துக்கு முன் தண்ணீர்

மீன் தொட்டி 75 × 30 × 40 செ.மீ. உள்ளே இரண்டு ஏஞ்சல், ஐந்து பிளாக் மோலி, ஆறு செர்ரி பார்ப், நான்கு கொரிடோரஸ். ஏஞ்சல்களின் வால் துடுப்பிலும் மோலிகளின் முதுகிலும் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தன. பார்ப் மீன்கள் கல்லில் பக்கவாட்டாக உரசிவிட்டு ஓடின. எல்லா மீனும் ஃபில்டர் தண்ணீர் கொட்டும் இடத்தில் கூடி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. புள்ளிக்குக் காரணம் ஒட்டுண்ணி. ஆனால் எல்லாமே ஒரே இடத்தில் கூடி மூச்சு வாங்கினால் அது பெரும்பாலும் தண்ணீரின் குறை. அதனால் மருந்துப் புட்டியை ஓரமாக வைத்துவிட்டு டெஸ்ட் கிட்டை எடுத்தோம்.

முதல் அளவீடு: அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி., நைட்ரைட் 1, நைட்ரேட் 80, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 6.4, கேஎச் (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு) 1 டிகிரி, வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ். குழாய்த் தண்ணீரைத் தனியாகச் சோதித்தபோது பிஎச் 7.6, கேஎச் 5, நைட்ரேட் சுழியம். இந்த இரண்டாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. மாற்றி ஊற்றப்போகும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாமல் எவ்வளவு மாற்றலாம் என்று முடிவுசெய்ய முடியாது.

நைட்ரேட் சோதனையில் ஒரு எச்சரிக்கை. திரவ கிட்டுகளில் இரண்டாவது புட்டியின் மருந்து அடியில் படிந்து இறுகிவிடும். புட்டியை மேசையில் நாலு தட்டு தட்டி, முழுதாக அரை நிமிடம் வேகமாகக் குலுக்கிய பிறகே சொட்டுவிட வேண்டும். சோதனைக் குழாயையும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். இதை விட்டால் 80 இருக்கும் தண்ணீர் 5 என்று காட்டும், நாமும் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவோம்.

அடுத்தது தொட்டியின் உண்மையான கொள்ளளவு. வெளி அளவைப் பெருக்கினால் 90 லிட்டர் வரும். கண்ணாடி 6 மி.மீ. தடிமன், எனவே உள்ளளவு 73.8 × 28.8 செ.மீ. அடியில் 4 செ.மீ. சரளை. தண்ணீர் நிற்பது 36 செ.மீ. உயரம் வரை. சரளைக்கு மேலே உள்ள 32 செ.மீ.க்குக் கணக்கிட்டால் 68 லிட்டர். சரளைக் கற்களின் இடுக்கில் நிற்கும் தண்ணீரைக் கூட்டி, கல்லும் மரக்கட்டையும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 70. தொண்ணூறு என்று நினைத்து மருந்து ஊற்றினால் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதலாகப் போகும். நலிந்த மீனுக்கு அது மிக அதிகம்.

இனி அந்த எண்கள் சொல்வது. தண்ணீர் மாற்றாமல், ஆவியான அளவுக்கு மட்டும் நிரப்பிக்கொண்டே வந்த தொட்டி இது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, வேலை செய்யச் செய்யக் கார்பனேட்டைக் கரைத்துக்கொண்டே இருக்கும். அம்மோனியாவாக இருக்கும் ஒரு மி.கி. நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மி.கி. காரத்தன்மை செலவாகிறது. கேஎச் தீர்ந்தால் பிஎச் சரியும். பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியாவின் வேலையே மந்தமாகும். பிறகு அம்மோனியா சேரும். தண்ணீரோ பார்வைக்குக் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும்.

இங்கேதான் அவசரம் மீனைக் கொல்லும். பார்த்ததும் பாதித் தண்ணீரை மாற்றத்தான் கை போகும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது: மீனுக்குக் கடும் நஞ்சான அம்மோனியா ஒன்று, அவ்வளவு கெடுதல் செய்யாத அம்மோனியம் மற்றொன்று. கிட் காட்டுவது இரண்டின் கூட்டுத்தொகை. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை பிஎச்சும் வெப்பமும். 26 டிகிரியில் பிஎச் 6.4 என்றால் நஞ்சான பங்கு 0.15 சதவீதம்தான், அதாவது லிட்டருக்கு 0.003 மி.கி. பிஎச் 7.6 ஆனால் அதே பங்கு 2.3 சதவீதம், ஏறக்குறைய பதினைந்து மடங்கு. பாதித் தண்ணீரை மாற்றினால் மொத்த அம்மோனியா 1 மி.கி.யாகக் குறையும், ஆனால் பிஎச் 7.6-ஐ நெருங்கும்போது நஞ்சான அம்மோனியா 0.02-ஐத் தாண்டிவிடும். மீன் வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லைக்கோடு அந்த 0.02. அம்மோனியாவைக் குறைத்துவிட்டோம் என்று நாம் நினைக்க, மீன் அதற்கு முன்னைவிட ஏழெட்டு மடங்கு நஞ்சில் நீந்தும். பிஎச் திடீரென ஏறும் அதிர்ச்சி தனிக்கணக்கு.

எனவே ஒரு நாளைக்கு 20 சதவீதம், 14 லிட்டர் மட்டும். கேஎச் கணக்கு இப்படி ஏறும்: 1-லிருந்து 1.8, மறுநாள் 2.4, மூன்றாம் நாள் 2.9. புதுத் தண்ணீரில் கேஎச் 5 இருந்ததால் வேறு எதுவும் சேர்க்கத் தேவைப்படவில்லை. உங்கள் தண்ணீர் கேஎச் குறைந்த மென்னீராக இருந்தால் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட் உதவும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் ஒரு டிகிரி ஏறும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். பிஎச்சை ஏற்றுவது, இறக்குவது என்று புட்டியில் வரும் திரவங்களை இந்த நிலையில் நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. கேஎச்சைச் சரிசெய்தால் பிஎச் தானாக ஓரிடத்தில் நிற்கும். கேஎச் இல்லாமல் பிஎச்சைத் துரத்தினால் அது காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் நிற்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. அகன்ற வாளியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் போகாது. எது கலந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் குளோரின் நீக்கி போட்டே ஊற்றுங்கள். சோடியம் தயோசல்ஃபேட் படிகம் 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 10 லிட்டருக்கு 1 மி.லி. போதும். லிட்டருக்கு 1 மி.கி. வரை குளோரின் இருந்தாலும் அது தாங்கும். குளோரமினை தயோசல்ஃபேட் உடைக்கும்போது அதிலிருந்து அம்மோனியா வெளிவரும் என்பதை மறக்கக் கூடாது. அம்மோனியாவையும் கட்டிப்போடும் தண்ணீர்க் கண்டிஷனர் அப்போது நல்லது. கட்டிப்போட்ட அம்மோனியாவையும் கிட் காட்டத்தான் செய்யும், அதைக் கண்டு இரட்டை அளவு ஊற்றிவிடாதீர்கள்.

நைட்ரைட் 1 என்பதற்கு அதே நாளில் ஒரு வேலை. நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் போய், உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பயனற்றதாக்கும். இரத்தம் பழுப்பாகும். தண்ணீரில் உயிர்வாயு நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும். குளோரைடு இருந்தால் செவுளில் நைட்ரைட் நுழையும் வழி அடைபடும். லிட்டருக்கு 0.1 கிராம் உப்பு 60 மி.கி. குளோரைடு தரும், இந்த அளவு நைட்ரைட்டுக்கு அதுவே தாராளம். 70 லிட்டருக்கு 7 கிராம் கல் உப்பு. ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஃபில்டர் ஓட்டத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். அப்படியே தூவினால் கரையாத கல் சரளைமேல் கிடக்கும். அடியில் மேயும் கொரிடோரஸ் அதன்மேல் போய் உட்கார்ந்தால் வயிற்றுத் தோல் வெந்துபோகும். அயோடின் கலந்த உப்பும் இந்த அளவில் கெடுதல் செய்யாது.

ஃபில்டரைத் திறந்தபோது ஸ்பாஞ்ச் பிசின் படிந்து அடைத்திருந்தது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தோம், அவ்வளவுதான். குழாயடியில் காட்டிக் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஏற்கெனவே நொண்டும் ஃபில்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதற்கு நாலு முதல் ஆறு வாரம். இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பிழிய வேண்டும். இந்த நாள்களில் தீனி கிடையாது. நன்றாக வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியை எளிதாகத் தாங்கும். போடாத தீனி அம்மோனியாவாக மாறாது.

மூன்று நாள் கழித்து அளவீடு: அம்மோனியா 1, நைட்ரைட் 1, பிஎச் 6.9, கேஎச் 3. நைட்ரைட் குறையவில்லையே என்று பதற வேண்டாம். அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியா முதலில் மீளும், அது நைட்ரைட்டை உற்பத்தி செய்யும். அதை உண்ணும் பாக்டீரியா பின்னால்தான் வரும். உப்பு இருப்பதால் காத்திருக்கலாம். மீன்கள் ஃபில்டர் வாயை விட்டு நகர்ந்து தொட்டி முழுக்கப் பரவியிருந்தன. புள்ளிகள் அப்படியே இருந்தன.

வெள்ளைப்புள்ளிக்குக் காரணம் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலியஸ் என்ற ஒற்றைச்செல் உயிர். நாம் பார்க்கும் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று வளரும் ஒட்டுண்ணி. தோல் மூடியிருப்பதால் எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் தோலைத் துளைத்து வெளியேறி, சரளையிலோ இலையிலோ ஒட்டிக் கூடு கட்டும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகளாகும். அவை ஓரிரு நாளில் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் நிலையை மட்டுமே. 24 முதல் 26 டிகிரியில் ஒரு சுற்று 3 முதல் 6 நாளில் முடியும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். புள்ளி மறைந்த மறுநாளே வைத்தியத்தை நிறுத்துபவர்களின் தொட்டியில் ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாக வருவதன் காரணம் இதுதான். மீன் சுத்தமாகத் தெரியும் அந்த நேரத்தில் கூடுகள் எல்லாம் சரளைக்குள் இருக்கும்.

புள்ளி கண்ட மீனை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றுவதும் பயன் தராது. தொட்டி முழுவதும் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

இந்தத் தொட்டிக்கு நாங்கள் தேர்ந்தது வெப்பமும் உப்பும். 12 மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 26-லிருந்து 30-க்கு ஏற்றினோம். பெரும்பாலான வகை ஒட்டுண்ணி 30-ல் பெருக முடியாமல் தடுமாறும். ஹீட்டரின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானியை ஹீட்டருக்கு எதிர் மூலையில் ஒட்ட வேண்டும். இரண்டும் இரண்டு டிகிரி முரண்படுவது சாதாரணம். உப்பு லிட்டருக்கு 2 கிராம், மொத்தம் 140. முதலில் போட்ட உப்பில் பெரும்பகுதி இன்னும் தண்ணீரிலேயே இருப்பதால், மீதியை ஒன்றரை நாளில் மூன்று பங்காகக் கரைத்து ஊற்றினோம், ஒவ்வொன்றும் 45 கிராம். கொரிடோரஸ் இல்லாத தொட்டி என்றால் 3 கிராம் வரை போகலாம். மெல்லிய இலைச் செடிகள் 2 கிராமிலேயே கருகலாம், அவற்றை முன்கூட்டியே எடுத்து மீன் இல்லாத வாளியில் ஒரு வாரம் வைப்பது நல்லது. மீன் இல்லாமல் ஒட்டுண்ணி அதற்குமேல் பிழைக்காது.

ஒருநாள் விட்டு ஒருநாள் சரளையை சைஃபன் குழாயால் உறிஞ்சினோம். குழாயைச் சரளைக்குள் அடிவரை இறக்கி, அழுக்கு மேலே சுழன்று தெளியும் வரை நிறுத்தி, அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் கூடுகள் உள்ளேயே இருக்கும். ஒருமுறைக்கு 20 லிட்டர் வெளியேறியது, அதனோடு 40 கிராம் உப்பும் போனது. ஊற்றும் தண்ணீரை 29 அல்லது 30 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் 40 கிராம் உப்பைக் கரைத்தே ஊற்ற வேண்டும். இந்தக் கணக்கைத் தவறவிட்டால் நாலு நாளில் உப்பு பாதியாகிவிடும். சைஃபனை வாயால் உறிஞ்சித் தொடங்கவே கூடாது. மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய மைக்கோபாக்டீரியம் மரைனம் மனிதத் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீளக் கையுறை போடுங்கள். தண்ணீரை இறக்கும் முன் ஹீட்டரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட வேண்டும். சூடான கண்ணாடி தண்ணீருக்கு வெளியே வந்தாலும், வெளியே காய்ந்தபின் குளிர்ந்த நீர் பட்டாலும் வெடிக்கும்.

வெப்பம் ஏற்றியதும் முதல் இரண்டு நாளில் புள்ளிகள் கூடும். தோலுக்கடியில் ஏற்கெனவே இருந்தவை வேகமாக வளர்ந்து கண்ணுக்குத் தெரிய வருகின்றன, அவ்வளவுதான். இதைப் பார்த்து பயந்து மருந்து சேர்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது காற்று. 26 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.1 மி.கி. உயிர்வாயு வரை பிடிக்கும், 30-ல் 7.5 மட்டுமே. மீனின் தேவையோ சூட்டில் கூடும். ஒட்டுண்ணி செவுளையும் தின்றிருக்கும். இரண்டு ஏர் ஸ்டோன் இரவும் பகலும் ஓடின. தண்ணீர்ப் பரப்பு அலைந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாளில் புள்ளிகள் மறையத் தொடங்கின. கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் அதே வெப்பம், அதே உப்பு.

ஐந்து நாளில் குறையாமல் புதுப்புள்ளிகள் வந்துகொண்டே இருந்தால், அது சூட்டைத் தாங்கும் வகை. அப்போது மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் சேர்ந்த மருந்து. செதில் இல்லாத மீனும் டெட்ராவும் இருந்தால் லேபிளில் உள்ளதில் பாதி அளவு. ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து ஒரு மணி நேரத்தில் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் மாலகைட் கிரீனைச் சிதைக்கும், எனவே விளக்கை அணையுங்கள். ஃபார்மலின் தண்ணீரில் உள்ள உயிர்வாயுவையே குடிக்கும், அதனால் 30 டிகிரியிலிருந்து 27-க்கு இறக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது கெட்டுப்போன ஃபார்மலின், மீனுக்குக் கொடும் நஞ்சு, தூக்கி எறியுங்கள். உணவுக்காக வளர்க்கும் மீனுக்கு மாலகைட் கிரீன் கூடவே கூடாது. அலங்கார மீனுக்கும் கையுறை போட்டே கையாள வேண்டும்.

வெப்பம் ஏற்றும் முன் இது உண்மையிலேயே வெள்ளைப்புள்ளிதானா என்று உறுதிசெய்வது எல்லாவற்றிலும் முக்கியம். முதுகில் சேணம் போட்டாற்போல் வெளிறிய பட்டை, வாயோரம் வெண்படலம் என்றால் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். பூஞ்சை என்று நினைத்துப் பலர் ஏமாறுவார்கள். அது சூட்டில் வெறிகொண்டு பரவும், 30 டிகிரியில் ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்யும். வெப்பத்தைக் குறைத்து, தனித் தொட்டியில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதுதான் அதற்கு வழி. இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் உடம்பில் பொன் தூள் மின்னுகிறதா? அது வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கி, தாமிர மருந்து போட வேண்டும். தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஆண் தங்கமீனின் செவுள் மூடியில் மட்டும் வரிசையாக வெண்புள்ளி இருந்தால் அது இனப்பெருக்கக் கால அடையாளம், வைத்தியமே தேவையில்லை. புள்ளி ஏதுமின்றி உரசலும் ஒரு பக்கச் செவுள் மூடலும் மட்டும் இருந்தால் செவுள் புழு, அதற்கு பிராசிகுவான்டெல் என்ற புழுமருந்து லிட்டருக்கு 2 முதல் 2.5 மி.கி. முட்டையை அது கொல்லாது, ஆகவே ஒரு வாரத்தில் மறுபடி. வயிறு ஊதிச் செதில்கள் விரைத்து நிற்கும் நிலைக்கு வந்துவிட்ட மீன் பிழைப்பது அரிது.

வைத்தியம் முடிந்ததும் வெப்பத்தை நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறக்கினோம். உப்பு ஆவியாகாது. தண்ணீர் மாற்றினால் மட்டுமே போகும். ஒவ்வொரு 25 சதவீத மாற்றத்திலும் 2 கிராம் 1.5 ஆகும், பிறகு 1.1, பிறகு 0.84. நைட்ரைட் சுழியமான பிறகே இதைத் தொடங்கினோம்.

இனி வாராந்திரக் கணக்கு. இந்தத் தொட்டியில் வழக்கமான தீனிக்கு வாரத்துக்கு நைட்ரேட் சுமார் 10 மி.கி. ஏறுகிறது. வாரம் 25 சதவீதம் மாற்றினால், காலப்போக்கில் மாற்றுவதற்கு முந்தைய அளவு 40-ல் போய் நிற்கும்: பத்தைக் கால் பங்கால் வகுத்தால் நாற்பது. பாதி மாற்றினால் 20. பத்து சதவீதம் மட்டும் மாற்றினால் 100 வரை ஏறும். உங்கள் தொட்டியில் ஒரு வாரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரே ஒருமுறை அளந்துவிட்டால் போதும், எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது இந்த வகுத்தலில் வந்துவிடும். இங்கே 40 சதவீதம் என்று வைத்தோம். கேஎச்சை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், 3-க்குக் கீழே போகக் கூடாது. மின்சாரம் சில மணி நேரம் நின்றால், மூடிய கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே மறுபடி ஓட விடாதீர்கள். காற்றில்லாமல் உள்ளே அழுகிய தண்ணீரைக் கொட்டிவிட்டு இயக்குங்கள்.

புதிதாக வாங்கும் மீனுக்கு 25 லிட்டர் வெறும் கண்ணாடித் தொட்டி, சரளை வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு. பெரிய தொட்டியின் ஃபில்டர் பின்னால் எப்போதும் ஒரு சிறு ஸ்பாஞ்சைச் செருகி வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் அது பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். நான்கு வாரம் தனியே வைக்கவும். மீன் வந்த பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதும் ஆபத்து: பைக்குள் மீன் விட்ட கரியமில வாயுவால் பிஎச் தாழ்ந்திருக்கும், திறந்ததும் அது வெளியேறிப் பிஎச் ஏறும், சேர்ந்திருந்த அம்மோனியம் நஞ்சாக மாறும். பையை மூடியபடி கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, திறந்த உடன் மீனை வலையால் எடுத்து விட்டுவிடுங்கள். அந்த வலை, வாளி, சைஃபன் மூன்றும் அந்தத் தொட்டிக்கு மட்டுமே. பெரிய தொட்டிக்கு அவற்றைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால், வெயிலில் எலும்பாகக் காய்ந்த பிறகு எடுங்கள்.